டயாலிசிஸ் நீரும் மறதிநோயும்

சிறுநீரகம் செயலிழந்து, யூரியா முதலான கழிவுகள் இரத்தத்தில் தேங்கி மூளையைக் குழப்பும் நிலை யூரீமியா எனப்படுகிறது. 1945இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் தாம் உருவாக்கிய எந்திரத்தைக் கொண்டு, யூரீமியாவால் நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண்மணியைப் பிழைக்கவைத்தது முதல், டயாலிசிஸ் அறிவுத் தெளிவை மீட்கும் சிகிச்சையாகவே கருதப்பட்டது. 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஷண்ட் குழாயை அறிமுகப்படுத்தியபின், நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் இச்சிகிச்சையோடு வாழ முடிந்தது. அவ்வாறு வாழ்ந்தவர்களிடையேதான் புதியதொரு மூளைநோயும் தலைகாட்டியது.

1972இல் டென்வரைச் சேர்ந்த ஆலன் ஆல்ஃப்ரே குழுவினர் விவரித்த அந்நோயில் பேச்சு திக்கத் தொடங்கி, தசைகள் துடித்து, வலிப்பு வந்து, நினைவாற்றல் சிதைந்தது. டயாலிசிஸ் முடிந்ததும் பேச்சு மேலும் தடுமாறியதே, சிகிச்சையின்மீது ஐயம் விழப் போதுமான தடயமாக இருந்தது. இறந்தோரின் மூளைச் சாம்பல்நிறப் பகுதியில் அலுமினியம் இயல்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் செறிந்திருந்ததை அக்குழுவினர் 1976இல் வெளியிட்டனர். பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தத் தரப்பட்ட அலுமினியம் ஹைட்ராக்சைடு மருந்தின்மீது முதலில் பழி விழுந்தது. ஆனால் அம்மருந்து எங்கும் தரப்பட்டிருக்க, நோயோ நியூகாசில் போன்ற சில நகரங்களில் மட்டும், எலும்பு மென்மையாகி முறியும் நோயுடன் சேர்ந்து, மிகுந்து காணப்பட்டதால், ஆய்வு குழாய்நீரின் பக்கம் திரும்பியது.

கலங்கிய நீரைத் தெளியவைக்க நீர்நிலையங்கள் படிகார இனத்தைச் சேர்ந்த அலுமினியம் சல்பேட்டைச் சேர்த்துவந்தன. குடிப்பவரின் குடல் அதில் மிகச் சிறு பங்கையே உறிஞ்சுகிறது, அதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது; நான்கு மணிநேர டயாலிசிஸிலோ ஏறத்தாழ 120 லிட்டர் நீர், குடல் என்னும் காவல் இல்லாமல், மெல்லிய சவ்வுக்கு மறுபுறம் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. அதிலிருந்து கடந்துவரும் அலுமினியம் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தோடு பிணைந்துகொள்வதால் மீண்டும் சவ்வைத் தாண்ட இயலாமல் உடலிலேயே தங்கிவிடுகிறது. குடிக்கத் தகுந்த நீரே இங்கு நஞ்சானது என்பதை மருத்துவர்கள் ஏற்கச் சில ஆண்டுகள் பிடித்ததில் வியப்பில்லை.

அழுத்தத்தால் நீரைச் சவ்வின் வழியே செலுத்தி உப்புகளைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறை டயாலிசிஸ் கூடங்களில் பரவியபின் அந்நோய் அரிதாயிற்று. எனினும் 1996இல் கரீபியத் தீவான குராசாவோவில், சிமெண்டுப் பூச்சிட்ட புதிய குழாயிலிருந்து கசிந்த அலுமினியம் டயாலிசிஸ் நீரில் கலந்து 10 நோயாளிகள் மாண்டனர்.