வேர்ப்பூசணம் (மதுரைச் சமவெளி)

வேர்ப்பூசணம் என்பது செடியின் வேரோடு ஒட்டி வாழ்ந்து, மண்ணிலுள்ள மணிச்சத்தை அதற்குக் கொடுத்து, ஈடாகச் சர்க்கரையும் கொழுப்பும் பெறும் பூஞ்சை. வேளாண் துறையினர் வேர் உட்பூசணம், சுருக்கமாக ‘வேம்’ என்பர். வேம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பெயரும் வகைப்பாடும்: டிரஃபிள் என்னும் விலைமிக்க நிலத்தடிக் காளானை வளர்க்க வழி காணுமாறு பிரஷ்ய அரசு ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியலாளரைப் பணித்தது. காளான் வளர்ப்பு கைகூடவில்லை. மரவேர் நுனியில் பூஞ்சை உறைபோல் போர்த்திக் கிடப்பதைக் கண்டு, 1885இல் ‘மைக்கோரைசா’ என்று பெயரிட்டார்; கிரேக்கத்தில் பூஞ்சைவேர் என்று பொருள். அந்த உறை வகையைக் கொடைக்கானல் பைன் தோப்புகளில் காணலாம். சமவெளியில் பரவியிருப்பது வேரின் செல்லுக்குள் நுழையும் வகை. செல்லுக்குள் அது கிளைத்து நிற்கும் உருவத்துக்கு 1905இல் கல்லோ என்ற ஆய்வாளர் ‘ஆர்பஸ்கூல்’, அதாவது குறுமரம், என்று பெயர் வைத்தார். இதனுடன் ‘வெசிக்கிள்’ எனும் சேமிப்புப் பையும் சேர்ந்து, ஆங்கில முதலெழுத்துகளால் ‘வேம்’ (VAM) ஆயிற்று. ஜைகாஸ்போரா போன்ற பூஞ்சைகளின் வேருக்குள்ளிருக்கும் இழையில் பை இல்லாததால் ஆய்வாளர் அந்த முதலெழுத்தைக் கைவிட்டனர்; உர மூட்டை கைவிடவில்லை. முன்பு ரொட்டிப் பூஞ்சையின் உறவாக வைக்கப்பட்டிருந்த இவை 2001இல் குளோமெரோமைக்கோட்டா என்ற தனித் தொகுதியாயின.

செயல்பாடு: செம்மண்ணில் இரும்பும், திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்பும் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பது விரைவில் தீர்ந்துவிடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கும் பருமனில்லாத பூஞ்சை இழை அதைத் தாண்டிச் சென்று, மணிச்சத்தைப் பாலிபாஸ்பேட்டாக்கி உள்ளே கடத்தும். குறுமரத்தில்தான் கைமாற்றம். மல்லிகையின் நுண்வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து, டிரிப்பான் நீலத்தில் ஊறவைத்துப் பார்த்தால் பல செல்களில் குட்டிப் புதர்போல நீலக்கிளை தெரியும். சில நாளில் அது சிதைந்து, வேறு செல்லில் புதிது முளைக்கும்.

மக்காச்சோளம், பருத்தி, வெங்காயம், மிளகாய் இதை ஏற்கும். கடுகும் முட்டைக்கோசும் ஏற்பதில்லை. பெரியாறு பாசன வயலில் தொழியடித்து நீர் நிறுத்தும் நெல்லில் குறைவு.

இன்று: உயிர்வேரின்றிப் பெருகாததால் மக்காச்சோள வேரில் வளர்த்து, வெர்மிகுலைட்டில் கலந்து விற்கிறார்கள், நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே.