கையால் செய்த மடக்குக் கத்தி: தரம் காணும் முறை

அலகு கைப்பிடிக்குள் மடங்கி அடங்கும் கத்தி மடக்குக் கத்தி. தமிழில் அதன் சிறு வடிவத்துக்கு இன்னும் வழங்கும் ‘பேனாக்கத்தி’ என்ற பெயர், பறவை இறகைச் சீவிப் பேனா செய்த காலத்திலிருந்து வந்தது. ஆலைகள் லட்சக்கணக்கில் செய்து தள்ளும் பொருள்தான் இது. ஆனாலும் அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்சு, இத்தாலி, ஜப்பான் போன்ற நாடுகளில் தனி ஆள் ஒருவர் தன் பட்டறையில் உட்கார்ந்து, வாங்குபவர் கேட்டபடி ஒவ்வொன்றாகச் செய்து தரும் வழக்கம் உயிரோடு இருக்கிறது. ஆலைக் கத்தியைவிடப் பல மடங்கு விலை. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அட்டைப் பெட்டி பிரிக்கவும் கயிறு அறுக்கவும் பழம் நறுக்கவும் தினமும் பையில் வைத்துப் புழங்கப்போகும் ஒருவர், அந்தக் கத்தி தன் விலைக்குத் தகுமா என்று எப்படிக் கண்டுகொள்வது?

கண் முதலில் போவது அலங்காரத்தின் மேல். டமாஸ்கஸ் எஃகின் நீரோட்டக் கோலமும் கைப்பிடியில் பதித்த முத்துச்சிப்பியும் அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நேர்க்கத்திக்கு இல்லாத ஓர் உறுப்பு மடக்குக் கத்திக்கு உண்டு: கீல். செய்தவரின் கை எப்படிப்பட்டது என்பதை அலங்காரத்தைவிட அதுவே சொல்லும். அச்சாணித் துளையில் மயிரிழை பிசகினாலும் அலகு ஆடும், இல்லையென்றால் இறுகிக்கொள்ளும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இந்த நுட்பத்துக்குப் பழைய தாய்வீடு. அங்கே கத்தித் தொழிலாளர் சங்கம் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1624-இல் அமைந்தது. கத்திக்காரர்களின் முத்திரைகளைப் பதிவு செய்வது அதன் வேலைகளில் ஒன்று. சிறு பட்டறையை வாடகைக்குப் பிடித்துத் தனியாகத் தொழில் செய்தவர்களை அவ்வூரார் ‘லிட்டில் மெஸ்டர்’ என்று அழைத்தார்கள். அந்த மரபின் கடைசிப் பெரும் பெயர்களில் ஒருவர் ஸ்டான் ஷா (1926–2021). பதின்ம வயதில் பட்டறைக்குப் போனவர், எழுபது ஆண்டுகளுக்கு மேல் மடக்குக் கத்தி செய்தார்.

அவர் செய்தவை பூட்டில்லாத, வில்லில் நிற்கும் கத்திகள். கைப்பிடியின் முதுகில் ஒரு வில்தகடு இருக்கும். அலகின் அடிக்கட்டையை அது அழுத்திப் பிடிக்கும். இவ்வகைக் கத்தியை ஆங்கிலம் பேசும் கத்திக்காரர்கள் ‘நடையும் பேச்சும்’ கொண்டு அளக்கிறார்கள். திறக்கும்போது அலகு தடங்கலில்லாமல் சீராக நகர்வது நடை. கடைசியில் வில் விழும்போது வரும் அழுத்தமான ‘டக்’ பேச்சு. மணல் அரைபடுவதுபோல் நெருடினாலும், ஒலி சொத்தென்று அடங்கினாலும் உள்ளே ஏதோ சரியாகப் பொருந்தவில்லை.

இன்னொரு சோதனைக்கு நகம் போதும். கத்தியை மூடி, முதுகின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை இழுக்க வேண்டும். வில்லும் இருபக்கத் தகடுகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் நகம் எங்கும் இடறாது. முழுதும் திறந்து மறுபடி ஒரு முறை. பாதியில் நிற்கும்படி செய்த கத்தியானால் அந்த நிலையிலும் ஒரு முறை. அடிக்கட்டையின் மூன்று முகங்களும் அச்சாணியிலிருந்து சரியான தூரத்தில் அரத்தால் இழைக்கப்பட்டிருந்தால்தான் மூன்று நிலையிலும் முதுகு சமமாக நிற்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடும். மூன்றிலும் நகம் வழுக்கிக்கொண்டு போகிறதென்றால், அந்தக் கத்திக்காரர் பொறுமையாக உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்.

பூட்டுள்ள கத்தியின் கதை அமெரிக்காவில் வேறு பாதையில் போனது. கைப்பிடியின் உள்தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகைத் தாங்கும் ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உண்டு. அமெரிக்க ராணுவத்தின் டிஎல்-29 கத்தியில் அதுதான் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் அதைச் செம்மைப்படுத்தி, முதுகு வில்லே தேவையில்லாதபடி ஆக்கினார். ‘லைனர் லாக்’ என்று இன்று வழங்குவது அதுவே. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் இன்னொரு படி போய், கைப்பிடிச் சட்டத்தையே கீறிப் பூட்டாக்கினார். அவருடைய புகழ்பெற்ற கத்தியின் பெயர் ‘செபென்சா’. சூலு மொழியில் அதற்கு வேலை என்று பொருள்.

இந்தப் பூட்டைப் பார்க்கும் விதம் எளிது. அலகைத் திறந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பூட்டுத்தகடு அடிக்கட்டையின் அகலத்தில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். விளிம்பில் மட்டும் தொட்டு நின்றால் நழுவும் ஆபத்து. புதிய கத்தியிலேயே எதிர்ப்பக்கத் தகடு வரை போய்விட்டால் இனித் தேய இடமில்லை. மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை நல்ல இடம். பிறகு அலகை இரு விரலால் பற்றி மேலும் கீழும், இடமும் வலமும் அசைக்க வேண்டும். ஆட்டமே இருக்கக் கூடாது. டைட்டானியம் தகடு எஃகு அலகோடு ஒட்டிக்கொண்டு விடுபட மறுப்பதும் உண்டு. உராயும் முனையில் எஃகுத் துண்டு பதித்தோ கடினப்பூச்சு ஏற்றியோ அதைச் சரிசெய்கிறார்கள். திறந்த கத்தியின் முதுகை மேசையில் ஓங்கி அடித்துச் ‘சோதிக்கும்’ பழக்கம் தவறானது. நல்ல பூட்டும் அதில் சேதமாகும். அன்றாட வேலையில் அப்படியோர் அடி விழுவதும் இல்லை.

மூடிய நிலையையும் விட்டுவிடக் கூடாது. அலகு வெளிவரும் பக்கம் தரையைப் பார்க்க மூடிய கத்தியைப் பிடித்து உதறினால் அலகு வெளியே வரக் கூடாது. பையில் தானாகத் திறக்கும் கத்தி, எவ்வளவு அழகாக இருந்தாலும், திருப்பிக் கொடுக்க வேண்டிய கத்தி.

எஃகின் பெயரைக் கேட்டே விலை பேசுகிறவர்கள் அதிகம். எஸ்30வி எஃகை குரூசிபிள் நிறுவனம் 2001 வாக்கில் கத்திக்கென்றே உருவாக்கியது. அதில் குரோமியம் 14 விழுக்காடு, வனேடியம் 4 விழுக்காடு. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வந்த மேக்னாகட் எஃகில் குரோமியம் அதைவிடக் குறைவு; ஆனால் அது கார்பைடுகளில் முடங்காமல் எஃகில் கரைந்திருப்பதால் துருவை நன்றாகத் தடுக்கிறது. இரண்டுமே சிறந்தவை. ஆனால் தோய்ச்சல், அதாவது சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கும் வேலை, சரியில்லையென்றால் இரண்டும் வெறும் இரும்புக்குச் சமம். ஆகவே கத்திக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த எஃகு?’ என்பதோடு நிற்கக் கூடாது: ‘யார் தோய்த்தது, ராக்வெல் கடினம் எத்தனை?’ எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் பெரும்பாலான பைக்கத்திகளுக்கு 58 முதல் 62 வரை சரி. துருப்பிடிக்காத எஃகுக்கு ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் துல்லியமான உலை தேவை; அதற்காக அலகைத் தோய்ச்சல் கூடத்துக்கு அனுப்புபவரைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

எஃகைவிடவும் வெட்டைத் தீர்மானிப்பது அலகின் பருமன். ஷெஃபீல்டில் உள்ள கேட்ரா ஆய்வகம், மணற்சத்து கலந்த அட்டையை இயந்திரத்தால் அறுக்க வைத்துக் கூரின் ஆயுளை அளக்கிறது. கூர்முனையின் கோணத்தைக் குறைத்தால் அந்த ஆயுள் பெரிதும் கூடுகிறது என்பதை இவ்வகைச் சோதனைகள் காட்டுகின்றன. வீட்டில் இதைப் பார்க்க ஒரு கேரட் போதும். கூருக்குப் பின்னால் அரை மில்லிமீட்டருக்குள் மெலிந்த அலகு கேரட்டில் ஓசையில்லாமல் இறங்கும். தடித்த அலகு பாதி வழியில் ஆப்பாகி, ‘படக்’ என்று பிளந்துவிடும். வெட்டுமுகம் சொரசொரப்பாக இருக்கும். கேரட்டைப் பிளக்கும் கத்தியால் அட்டைப் பெட்டியை அறுக்கிறவருக்கு மணிக்கட்டு வலிக்கும். கையால் செய்த கத்திகளில் கடப்பாரைபோல் தடித்த அலகுகள் ஏராளமாக வருகின்றன. வாங்குபவர்கள் அதை வலிமை என்று எண்ணி ஏமாறுவது வருத்தத்துக்குரியது.

கைப்பிடிக்கு மைக்கார்டா, ஜி-10 போன்ற பிசின் அடுக்குத் தகடுகள், டைட்டானியம், மரம், எலும்பு, கொம்பு என்று பலவும் உண்டு. ஷெஃபீல்டுக் கத்திகளில் மிகவும் விரும்பப்பட்ட கொம்பு இந்தியக் காடுகளில் கடமான்கள் உதிர்த்தது. அதன் ஏற்றுமதியை இந்தியா தடை செய்த பிறகு, பழைய இருப்பில் மிஞ்சிய துண்டுகள் அரும்பொருளாகிவிட்டன. எந்தப் பொருளானாலும் ஐந்து நிமிடம் இறுகப் பிடித்துப் பார்த்தால் குறை வெளிப்படும். பையில் மாட்டும் கொக்கி உள்ளங்கையை உறுத்தும் இடம் அப்போதுதான் தெரியும்.

எடுத்துச் செல்லும் நாட்டின் சட்டத்தையும் முன்பே பார்த்துவிட வேண்டும். இங்கிலாந்தில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்பது, வெட்டுமுனை 3 அங்குலத்தைத் தாண்டாத, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு மட்டுமே. விமானக் கைப்பையில் கத்தி கொண்டுபோவதற்கும் பல நாடுகளில் தடை உண்டு.

கத்தி கைக்கு வந்த பிறகும் சோதனை முடிவதில்லை. முதல் சில வாரங்களில் பூட்டு சற்றே உள்ளே நகர்ந்து ஓரிடத்தில் நிலைகொள்ளும். மேலும் மேலும் நகர்ந்துகொண்டே இருந்தால் குறை உண்டு. மரமும் கொம்பும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப உப்பும், சுருங்கும். வறண்ட ஊரில் முடிக்கப்பட்ட கைப்பிடி, ஒரு மழைக்காலத்தைக் கடந்ததும் தகட்டோரத்தில் லேசாகத் துருத்தலாம், ஆணியருகே மயிரிழைக் கீறல் விடலாம். அப்போது அதே நகத்தை மறுபடி அந்த முதுகில் இழுத்துப் பார்த்து, இடறும் இடத்தைக் குறித்துச் செய்தவருக்கே திருப்பி அனுப்பலாம். தன் முத்திரை பதித்த கத்தியைத் திருத்தித் தருவதைப் பல கத்திக்காரர்கள் தங்கள் கடமையாகவே வைத்திருக்கிறார்கள்.