தாடை முறிவும் பல்வரிசையும்: மருத்துவ வரலாற்றில் ஒரு நீண்ட மறதி

வான்மீகி இராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில் சாம்பவான் அனுமனுக்கு அவனது பிறப்பு வரலாற்றை நினைவூட்டுகிறான். ஞாயிற்றைப் பழமெனக் கருதிப் பாய்ந்த குழந்தை இந்திரனின் வச்சிரப்படையால் தாக்குண்டு மலைமுகட்டில் வீழ்கிறது. அதன் இடத்தாடை முறிகிறது. வடமொழியில் ‘ஹனு’ என்பது தாடையைக் குறிக்கும். அம்முறிவே அனுமன் என்னும் பெயருக்குக் காரணமாயிற்று என்பது அந்நூலின் விளக்கம். தாக்குதல், உயரத்திலிருந்து விழுதல் என்னும் இரு பெருங்காரணங்களும் இத்தொன்மத்தில் ஒருங்கே அமைந்திருப்பது நோக்கத்தக்கது. முறிந்த தாடையைப் பொருத்தும் முறைக்கு நாம் மருத்துவ நூல்களையே நாட வேண்டும்.

கீழ்த்தாடை குதிரை இலாட வடிவினது. இரு முனைகளும் செவிகளுக்கு முன்புறத்தில் மண்டையோட்டுடன் மூட்டுறுகின்றன. இவ்வமைப்பின் காரணமாக ஓரிடத்தில் விழும் அடி மற்றோரிடத்தையும் முறிக்கக்கூடும். ஒரு கன்னத்தில் விழுந்த குத்து எதிர்ப்பக்க மூட்டின் கழுத்தை ஒடிக்கலாம். முகவாய் தரையில் மோத விழுபவருக்கு இருபக்க மூட்டுகளும் முறியலாம். ஞானப்பல் புதைந்துள்ள தாடைக் கோணமும் நீண்ட வேருடைய கோரைப்பல் அமைந்த இடமும் இயல்பாகவே வலுக்குறைந்தவை. முறிந்த துண்டுகளை மெல்லும் தசைகள் வெவ்வேறு திசைகளில் இழுப்பதால் வெளிக்கட்டு மட்டும் பல நேரங்களில் போதுவதில்லை. இச்சிக்கலுக்குத் தீர்வு தேடியதே தாடை மருத்துவத்தின் வரலாறு எனலாம்.

கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட எகிப்தியத் தாள்சுவடியொன்றை 1862இல் எட்வின் ஸ்மித் விலைக்கு வாங்கினார். 1930இல் ஜேம்ஸ் பிரெஸ்டட் அதனை மொழிபெயர்த்து வெளியிட்டார். மூட்டு விலகிய தாடையைப் பெருவிரல்களை வாய்க்குள் இட்டு மீள அமர்த்தும் முறையை அச்சுவடி தெளிவாகக் கூறுகிறது. ஆனால், புண்ணுடன் கூடிய தாடை முறிவை மருத்துவம் செய்யத்தகாத நோயென ஒதுக்கிவிடுகிறது. கிரேக்கத்தின் இப்போக்கிரதேசு மரபு நூல்கள் ஒருபடி முன்சென்றன. முறிவின் இருபுறமும் உள்ள பற்களைப் பொன்கம்பியாலோ சணல் நூலாலோ பிணைக்கும் முறையை அவை விளக்குகின்றன.

சுஸ்ருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி தரும் செய்திகள் நம் தனிக்கவனத்திற்குரியவை. தாடை மூட்டு பிரிந்தவிடத்து ஒற்றடமிட்டு, எலும்பை உரிய நிலையில் அமர்த்தி, ‘பஞ்சாங்கி’ எனப்படும் ஐந்து வால்களையுடைய கட்டினைக் கட்டுமாறு அந்நூல் பணிக்கிறது. உடையாமல் அசைந்து குருதி கசியும் பற்களைப் பற்றியும் அதே அதிகாரம் பேசுகிறது. நோயாளி இளையவராயின் அப்பற்களை அழுத்தி அமர்த்திப் புறத்தே குளிர்ச்சியான பூச்சிட வேண்டும். முதியவராயின் அசைந்த பல்லைக் காக்க முயலல் வேண்டா. மெல்ல இயலாத அந்த இளையவர் குவளைத் தண்டின் வழியே பாலை உறிஞ்சிப் பருக வேண்டும் என்கிறது நூல். இன்று தாடை கட்டப்பட்டவருக்கு மருத்துவமனைத் தாதியர் தரும் உறிஞ்சுகுழலை இது நினைவூட்டாமல் இராது.

எனினும், நம்மவர் சிலர் கூறுவதுபோல் அனைத்தும் சுஸ்ருதரிடமே உள்ளன என்று இதனைக் கொண்டு வாதிடல் பொருந்தாது. தாடையும் பல்லும் அங்கே ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. ஆயினும், பல்லைக் கொண்டே தாடையை நிலைநிறுத்தலாம் என்னும் இணைப்பு அங்கு நிகழவில்லை.

அவ்விணைப்பை முழுமையாக நிகழ்த்தியவர் இத்தாலிய அறுவை மருத்துவர் சலிசெட்டோவைச் சேர்ந்த வில்லியம். 1275இல் முடிக்கப்பெற்ற தம் நூலில், கீழ்ப்பற்களை மேற்பற்களோடு சேர்த்துக் கட்டுமாறு அவர் அறிவுறுத்தினார். முறியாத மேல்தாடையே முறிந்த கீழ்த்தாடைக்கு அணையாகிவிடுகிறது. பற்கள் முன்போல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் எலும்பும் பொருந்தியது என்பதே இதன் அடிப்படை. இத்துணை எளிய கருத்து பின்னர் வழக்கொழிந்து, 1887இல் அமெரிக்கப் பல் மருத்துவர் தாமஸ் கில்மரின் கைகளில்தான் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலம் 612 ஆண்டுகள்!

இம்மறதிக்கு எழுத்தறிவின்மையைக் காரணம் காட்ட இயலாது, நூல் இருந்தது. எலும்பு அறுவை மருத்துவருக்கும் பல் நாவிதருக்கும் எனத் தொழில்கள் பிரிந்துநின்றமையே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. இருவருக்கும் பொதுவான உறுப்பு இருவராலும் கைவிடப்பட்டது. மருத்துவமும் அறுவையும் பிரியலாகாது என வற்புறுத்திய வில்லியத்தின் கண்டுபிடிப்பே இக்கதிக்கு ஆளாயிற்று.

பிரிந்தவற்றை இணைத்தவை பெரும்பாலும் போர்களே. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பல் மருத்துவர் ஜேம்ஸ் பீன் அட்லாண்டாவில் காயமுற்ற வீரர்களுக்குப் பல்வரிசைக்கேற்ப வார்க்கப்பட்ட இரப்பர் அணைகளைப் பொருத்தினார். 1865 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் வில்லியம் சீவர்டு குதிரை வண்டி விபத்தில் தாடை முறிந்து படுக்கையில் கிடந்தார். லிங்கன் சுடப்பட்ட அதே இரவில் அவரும் கத்தியால் குத்தப்பட்டார். அவருடைய தாடைக்கு அணை செய்தளித்த தாமஸ் கன்னிங்கும் பல் மருத்துவரே. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் உடல் மறைந்திருக்க, தலையும் முகமுமே பெரிதும் குண்டுகளுக்கு இலக்காயின. பிரான்சில் வலாடியே, கசஞ்சியன் முதலிய பல் மருத்துவர்கள் ஆற்றிய பணி பெரிது. 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் திறக்கப்பட்ட மருத்துவமனையில் ஹெரால்டு கில்லிஸ் பல் மருத்துவரை அருகில் வைத்துக்கொண்டே முகங்களைச் சீரமைத்தார்.

1970களில் மிஷலே, ஷாம்பி ஆகிய பிரெஞ்சு மருத்துவர்களால் சிறு உலோகத் தகடுகளை எலும்பில் திருகும் முறை பரவியது. வாயைப் பல வாரங்கள் கட்டிவைக்கும் துன்பம் அதனால் பெரிதும் குறைந்தது. மலேசியாவில் 1973இல் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவச விதிகள் வந்தன. எனினும் முகவாயை மூடாத கவசம் மண்டையைக் காத்த அளவுக்குத் தாடையைக் காப்பதில்லை. அவ்வாறு முறிவுற்று வருபவருக்கும் தகட்டைத் திருகுமுன் அறுவை மருத்துவர் வழக்கமாகச் செய்வது, மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் பொருத்திக் கம்பியால் தற்காலிகமாகக் கட்டுவதாகும்.