துப்பாக்கியும் கமராவும்

வனவிலங்குகளைக் கொல்லாது கண்டு மகிழ்வதும், அவற்றைப் படம் பிடித்துச் செல்வதும் இன்று நாகரிகத்தின் அறிகுறிகளாகக் கருதப்படுகின்றன. அவ்வாறு கருதுவதில் தவறில்லை. ஆயினும், இந்நாகரிகம் எவ்வாறு தோன்றியது, அதற்கான விலையைச் செலுத்தியோர் யாவர் என்பவற்றைச் சரித்திர நோக்கில் ஆராய்தல் நமது கடமையாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காடுகள் வெள்ளைத்துரைமாரின் வேட்டைக்களமாக விளங்கின. மேஜர் ரொஜர்ஸ் என்ற இராணுவ அதிகாரி ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார். யானைகளைக் கொல்வோருக்கு அரசாங்கமே சன்மானமும் வழங்கிற்று. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் மாத்திரம் ஏறத்தாழ 2,000 யானைகளுக்கு இச்சன்மானம் கொடுக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்ட காலமும் இதுவேயாகும்.

விலங்குகள் அருகிய பின்னரே பாதுகாப்பு எண்ணம் பிறந்தது. 1894இல் வேட்டைப்பிரியர்கள் ஒன்றுகூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கமொன்றை இலங்கையில் நிறுவினர். 1900இல் யாலக் காடு பாதுகாக்கப்பட்ட ஒதுக்கிடமாயிற்று. ஆனால் அதனருகே, இங்கு வதிந்த வேட்டைப்பிரியர்களுக்கெனத் தனியான காடொன்றும் ஒதுக்கப்பட்டிருந்தது.

இதே காலத்தில் இங்கிலாந்திலும் மனமாற்றம் நிகழ்ந்தது. ஆபிரிக்காவில் வேட்டையாடிய எட்வேட் நோர்த் பக்ஸ்டன், 1902இல் வெளியிட்ட நூலில், துப்பாக்கிக்குப் பதிலாகக் கமராவைக் கைக்கொள்ளுமாறு வேட்டைக்காரரை வேண்டினார். அடுத்த ஆண்டில் அவர் முன்னின்று அமைத்த பாதுகாப்புச் சங்கத்தாரை எதிராளிகள் 'மனம் வருந்திய கசாப்புக்காரர்' என எள்ளினர். அவ்வெள்ளலில் உண்மையுமிருந்தது. கருவி மாறியதேயன்றி, அதனை ஏந்திய வர்க்கம் மாறவில்லை.

1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. யாலவின் பழைய வேட்டைக் காடும் அவ்வனத்துடன் இணைந்தது. சுடுவதற்கு வந்தோரின் இடத்தை நாளடைவில் பார்ப்பதற்கு வருவோர் பெற்றனர். இது முன்னேற்றமே.

ஆனால் காலடித் தடங்கண்டு விலங்கை இனங்காணும் காட்டு மக்களின் நிலை என்ன? 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் அமைக்கப்பட்டபோது, வேடரின் பரம்பரை வேட்டை நிலங்கள் அதனுள் அடங்கின. பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் திசாஹாமியும் அவரைச் சார்ந்த சில குடும்பத்தினரும் தம்பானையை விட்டகல மறுத்தனர். துரைமாருக்குப் பொழுதுபோக்காயிருந்த வேட்டை பாதுகாக்கப்பட்ட ஒரு காலம் இருந்தது. வேடருக்குச் சீவனோபாயமாயிருந்த வேட்டையோ குற்றமாயிற்று. இன்று தம்பானைக்கு வரும் உல்லாசப் பயணிகள் வில்லும் கோடரியும் தாங்கிய அவ்வேடரையே படம் பிடித்துச் செல்கின்றனர்.

சரணாலயங்கள் வேண்டாமென நாம் கூறவில்லை. எஞ்சியுள்ள யானையும் சிறுத்தையும் கரடியும் காப்பாற்றப்படவே வேண்டும். அவற்றுடன் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரின் அறிவுக்கும் உரிமைக்கும் வனபரிபாலனத்தில் இடமளிக்கப்படல் வேண்டும் என்பதே நமது கோரிக்கை. மாணவரைச் சரணாலயத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், விலங்குகளைக் காட்டுவதோடு இச்சரித்திரத்தையும் எடுத்துரைப்பார்களாக.