சிட்டிசன் கிடைச்சிட்டுது

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் ஈழத்தமிழர், "எங்களுக்குச் சிட்டிசன் கிடைச்சிட்டுது" என்பார்கள். ஆங்கிலத்தில் ஆளைக் குறிக்கும் சொல், இந்தப் பேச்சில் ஆளுக்குக் கிடைக்கும் உரிமையைக் குறிக்கிறது. இதைப் பிழையென்று திருத்த எனக்கு மனமில்லை. நம்முடைய 'குடி'யும் இப்படிப் பொருள் மாறி வந்த சொல்தான்.

பழந்தமிழில் குடி என்றால் குடும்பம், குலம், மன்னனின் ஆட்சிக்குட்பட்ட மக்கள். குறளில் 'குடிமை' என்ற அதிகாரம் நற்குடிப் பிறப்பின் பண்பைப் பேசுகிறது. பிற்காலக் கிராமங்களில் அச்சொல் கீழிறங்கியது. முடிதிருத்துவோரும் துணி வெளுப்போரும் 'குடிமக்கள்' எனப்பட்டார்கள். நிலமுடையவர் வீட்டுக்குக் கட்டுப்பட்டுச் செய்த ஊழியமே 'குடிமை'. யாழ்ப்பாணத்து முதியோருக்கு இந்தப் பொருள் இன்றும் நினைவிருக்கும். கடமை மட்டுமே சுமந்த அந்தச் சொல்லோடு 'உரிமை' வந்து சேர்ந்ததை, தமிழ்ச் சொல் வரலாற்றின் மிகப் பெரிய நிகழ்வுகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

இலங்கைத் தமிழில் குடியுரிமைக்கு இன்னொரு பெயர் பிரசாவுரிமை. வடமொழி 'பிரஜா' முதலில் பிள்ளையை, பிறகு அரசனின் ஆளுகைக்கு உட்பட்டவரைக் குறித்தது. மலையகத்தில் இச்சொல் ஒரு காயம். 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பாதிப்பாதியாகப் பிரிக்க மேலும் பத்தாண்டுகள் ஆயின. மனிதர்களைத்தான் இப்படிப் பங்கிட்டார்கள்.

கனடா சென்றோரில் பெரும்பாலோர் வடக்கு, கிழக்கு மாகாணத்தவர். அவர்களிடம் பிரசாவுரிமை இருந்தது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் அது அவர்களைக் காக்கவில்லை.

கனடாவிலும் குடியுரிமை பழையதல்ல. அங்கே அதற்கான தனிச் சட்டம் 1947 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அந்நாட்டவரும் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகளே. இரண்டு நாள் கழித்து ஒட்டாவா உச்ச நீதிமன்றத்தில் நடந்த விழாவில் முதல் சான்றிதழைப் பெற்றவர் பிரதமர் மெக்கன்சி கிங். பிரதமரும் குடிபெயர்ந்து வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்று பெற்ற உரிமை அது. இன்று விண்ணப்பிப்பவர் ஐந்தாண்டுகளுக்குள் 1,095 நாட்கள் அந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். வளர்ந்தவர்கள் உறுதிமொழியும் எடுக்க வேண்டும். எடுத்த பின் வாக்குரிமை உண்டு, கடவுச்சீட்டு உண்டு. பலருக்குப் பிள்ளையார் கோயிலில் ஓர் அருச்சனையும் உண்டு.

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கண்டு மீட்டவர் கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அவர்களில் சிலர் நியூஃபவுண்ட்லாந்துக்கே திரும்பிச் சென்று அவருக்கு நன்றி சொன்னார்கள். அகதிகளாகக் கரையேறியவர்கள், இம்முறை அந்நாட்டின் குடிமக்களாகப் போனார்கள்.