விரிசல் விட்ட பீங்கான் யாரைக் காட்டிக்கொடுக்கிறது?

ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் ஒருமுறை விரிசல் விட்டால் பிளக்கை மாற்றுகிறோம். புதிதாகப் போட்டதும் விரிசல் விட்டால் கம்பெனியை மாற்றுகிறோம். மூன்றாவதும் போன பிறகுதான் பார்வை இன்ஜின் பக்கம் திரும்புகிறது. இந்தத் தாமதத்தை மெக்கானிக்குகளின் அசட்டை என்று சொல்லிவிட முடியாது. பிளக் பிறந்து ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு வரை பீங்கான்தான் உண்மையான குற்றவாளி. அது திருந்திய பிறகே, அதில் விழுந்த விரிசலை வைத்து வேறு ஆளைப் பிடிக்க முடிந்தது. பழைய சந்தேகம் மட்டும் தொழிலை விட்டுப் போகவில்லை.

1860-இல் லெனுவார் தன் எரிவாயு இன்ஜினில் மின்பொறியைப் பயன்படுத்தியபோதே மின்காப்புக்குப் பீங்கானைத்தான் நாடினார். 1902-இல் பாஷ் கம்பெனியின் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் கொண்டுவந்தபோதும் அதே பீங்கான்தான். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ்: தேநீர்க் கோப்பைக்கும் இதே சேர்மானம். இதில் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் படிக அமைப்பு மாறி, சட்டென்று பருமனும் மாறும். பிளக்கின் மூக்கு, அதாவது சிலிண்டருக்குள் நீட்டியிருக்கும் பீங்கான் முனை, வேலை செய்வதோ ஏறத்தாழ 450-லிருந்து 850 டிகிரிக்குள். ஆக, இன்ஜின் சூடேறி ஆறும்போதெல்லாம் மூக்கு அந்த எல்லையைத் தாண்டியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுவதற்கு அதுவே போதும். முதல் உலகப்போரில் விமான இன்ஜின்கள் வந்ததும் இந்தப் பலவீனம் அப்பட்டமாகிவிட்டது. பலர் காக்காப்பொன் என்கிற மைக்காவுக்குத் தாவினார்கள். அந்நாளில் உலகச் சந்தைக்கு மைக்கா அனுப்பியதில் இந்தியாவுக்கே பெரும் பங்கு. அன்றைய பீகாரின் கோடர்மாவிலும் சென்னை மாகாணத்து நெல்லூரிலும் சுரங்கங்கள் இருந்தன. மைக்கா அடுக்குகள் பீங்கான் மாதிரி வெடிக்காது. ஆனால் அடுக்குகளுக்கிடையே எண்ணெய் ஊறும். பின்னாளில் பெட்ரோலில் கலந்த ஈயமும் அதை அரித்தது. அமெரிக்காவில் சாம்பியன் கம்பெனிக்காக கலிபோர்னியாவின் வெள்ளை மலைத்தொடரில் ஆண்டலுசைட் வெட்டியெடுத்தார்கள். சுட்டால் முல்லைட்டாக மாறும் கனிமம் அது. குவார்ட்ஸின் தொல்லை அதில் குறைவு. 1930-களில் ஜெர்மனியின் சீமென்ஸ் அலுமினாவையே சுட்டு இறுக்கிப் பிளக் செய்தது. பழைய பீங்கானைவிடப் பல மடங்கு வலு, வெப்பத்தைக் கடத்துவதில் பத்து மடங்குக்கும் மேல். இன்று கடையில் கிடைக்கும் பிளக்கில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் அலுமினாதான்.

பீங்கான் இப்படித் திருந்திக்கொண்டிருந்த காலத்தில்தான் இன்ஜினுக்குள் நடக்கும் இன்னொரு குற்றமும் துலங்கத் தொடங்கியது. கேடிலாக் கார்களுக்கு பேட்டரி இக்னிஷனைக் கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங். இன்ஜின் ‘டக் டக்’ என்று தட்டியபோது பழி அவருடைய இக்னிஷன் மேல் விழுந்தது. அப்படியில்லை என்று நிரூபிக்க டெய்ட்டனில் ஆய்வு தொடங்கினார். 1916-இல் தாமஸ் மிட்ஜ்லி அதில் சேர்ந்தார். மண்ணெண்ணெய்க்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் வெப்பத்தை வேகமாக உறிஞ்சி ஆவியாகும் என்பது அவர்கள் கணக்கு. கையில் சிவப்புச் சாயம் இல்லாததால் அயோடினைக் கலந்தார்கள், தட்டல் குறைந்தது. பிறகு உண்மையான சிவப்புச் சாயத்தைக் கலந்தால் ஒன்றும் நடக்கவில்லை. தப்பான கணக்குக்குச் சரியான விடை! நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எரிபொருளின் வேதியியல்தான் காரணம் என்று அப்படித்தான் பிடிபட்டது. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ, பொறிக்கு முன்பே பற்றிக்கொள்வது வேறு, பொறிக்குப் பின் மூலையில் மிஞ்சிய கலவை தானாக வெடிப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். தட்டல் என்பது இந்த இரண்டாவதுதான். அது நடக்கும்போது எழும் அழுத்த அலை, மூக்கைச் சுற்றியிருக்கும் மெல்லிய வாயுப் போர்வையைக் கலைத்துவிடும். வெப்பம் நேராகப் பீங்கானில் இறங்கும், கூடவே அதிர்வும். 1921 டிசம்பரில் மிட்ஜ்லி கண்டுபிடித்த ஈயச் சேர்மம் தட்டலை அடக்கியது. பல தலைமுறைகளின் ரத்தத்தில் ஈயத்தையும் ஏற்றியது.

இங்கே ஒரு மறுப்பு வரும்: பிளக் உடைவது பெரும்பாலும் கைக்குற்றம்தானே? உண்மைதான். சாக்கெட்டைச் சாய்த்து முறுக்கினால் உடையும், கீழே போட்டால் உடையும், பொறி பாயும் இடைவெளியான கேப்பைச் சரிசெய்யும்போது நடு எலெக்ட்ரோடை நெம்பினாலும் உடையும். ஆனால் அந்தக் கைக்குற்றமும் இடம் பார்த்தே விழுகிறது. சாக்கெட் உடைப்பது இன்ஜினுக்கு வெளியே நிற்கும் மேல் பகுதியை. மூக்கு மட்டும் போயிருந்தால் கேப் கருவியையோ உள்ளே நடந்த வெடிப்பையோ சந்தேகிக்க வேண்டும். பூதக்கண்ணாடியில் மூக்கைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, பளபளக்கும் நுண்ணிய அலுமினிய உருண்டைகளோ ஒட்டியிருந்தால், பிஸ்டனே உருகத் தொடங்கியிருக்கிறது. அதை எந்தக் கேப் கருவியாலும் செய்ய முடியாது. அத்துடன் கைத்தவறு திரும்பத் திரும்ப ஒரே சிலிண்டரைத் தேடிப் போகாது. ஒரே சிலிண்டரில் மட்டும் என்றால் அடைத்த இன்ஜெக்டர், காற்றுக் கசிவு, கரிப்படிவு என்று தேடலாம். எல்லாவற்றிலும் என்றால் டைமிங், பெட்ரோலின் ஆக்டேன், இன்ஜினுக்குப் பொருந்தாத வெப்ப எண் கொண்ட பிளக்.

இன்றைய கார்களில் தட்டலை உணரும் நாக் சென்சார் இருக்கிறது, பெட்ரோலும் தேவலை; இப்போது உடைந்தால் அது போலிப் பிளக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது அடுத்த வாதம். போலிகள் இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சிறிய டர்போ இன்ஜின்கள், சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் முறையோடு பரவியபோது, குறைந்த வேகத்தில் அதிக பாரம் ஏற்றினால் பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறு தலைகாட்டியது. ரிக்கார்டோ பிரித்துவைத்த இரண்டும் இங்கே கைகோத்துக்கொண்டன: முன்பற்றல் தொடங்கிவைக்க, வெடிப்பு முடித்துவைக்கிறது. அழுத்தம் 200 பாரையும் தாண்டும். டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவதுதான் நாக் சென்சாருக்குத் தெரிந்த வைத்தியம். பொறியே வராத நேரத்தில் அதனால் என்ன செய்ய முடியும்? அசல் அலுமினா மூக்கும் நொறுங்கியது, பிஸ்டனின் வளைய விளிம்புகளும் உடைந்தன. தேடிப் போனவர்கள் கடைசியில் இன்ஜின் ஆயிலில் வந்து நின்றார்கள். சிலிண்டர் சுவரிலிருந்து பெட்ரோலோடு கலந்து தெறிக்கும் ஆயில் துளிகளும், ஆயிலில் அழுக்கு நீக்கச் சேர்க்கும் கால்சியமும் இதைத் தூண்டுகின்றன என்று தெரிந்தது. கால்சியத்தைக் குறைத்து மக்னீசியம் சேர்த்த ஆயில்கள் வந்தன. 2018-இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ் தரத்திலும் 2020-இல் வந்த ஜிஎஃப்-6 தரத்திலும் இதற்கென்றே இன்ஜின் சோதனை சேர்க்கப்பட்டது.