மாயக்கதையிலிருந்து ஜீனோ வரை

தமிழில் இளையோருக்கான மாயப்புனைவு, அதாவது மந்திரமும் விந்தை உயிர்களும் இயல்பாக உலவும் கதைவகை, அச்சில் பரவலாக வேரூன்றியது 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழின் வழியாகத்தான். விக்கிரமாதித்தன், வேதாளக் கதைகளை அவ்விதழ் வீடுதோறும் கொண்டுசேர்க்க, 'கோகுலம்', 'பூந்தளிர்' இதழ்களில் பணியாற்றிய வாண்டுமாமா அம்மரபைச் சாகசமும் அறிவியலும் கலந்த நெடுங்கதைகளாக விரித்தார்.

எதிர்காலச் சமூகம் கொடுங்கோன்மையாகச் சீரழிவதைக் காட்டும் கதைவகைக்குத் தமிழில் முன்னோடியாக அமைந்தது, 1980களில் 'ஆனந்த விகட'னில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. பெயருக்கு இரண்டெழுத்தே அனுமதி, பிள்ளை பெறவும் அரசின் இசைவு வேண்டும் என்றிருக்கும் ஜீவாவின் ஆட்சியில், நிலா என்னும் பெண்ணுக்குத் துணைநிற்பது புத்தகம் படிக்கும் இயந்திர நாயான ஜீனோ. 1949இல் வெளியான ஆர்வெலின் '1984' நாவலின் இருண்ட உலகைப் போலன்றி, இங்கே அச்சத்தோடு நகைச்சுவையும் கைகோத்து வருவதால், பள்ளி மாணவரும் இதைத் தயங்காமல் கையில் எடுக்க முடிந்தது.

இக்கதைகளை இன்று தேடிப் படிக்க, மதுரையில் வைகையின் வடகரைக் குடியிருப்பான கே.கே. நகர்ச் சிறாருக்கு, 2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், சிறுவர் பகுதியுடன், எட்டும் தொலைவில் உள்ளது. அவர்களுக்கு நூல் பரிந்துரைப்போர் வாண்டுமாமாவில் தொடங்கி, பதின்வயதில் ஜீனோவை அறிமுகப்படுத்துவது, இவ்வகை எழுத்து தமிழில் வளர்ந்த வரிசைக்கும் பொருந்தும்.